தொடக் கூடாத கழுத்து

என் மகள் பிறந்து பதினோரு நிமிடங்கள் மூச்சு விடவில்லை. இது குத்துமதிப்பாகச் சொல்வதல்ல. பிரசவ அறைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தார்கள். முற்பகல் பத்து மணி நாற்பத்திரண்டுக்கு உள்ளேயிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு" என்ற குரல் கேட்டது. பத்து ஐம்பத்து மூன்றுக்குப் பூனை தும்முவது போல ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு இருபத்து மூன்று நாட்கள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தோம். அந்த நாட்களில் நடந்தவை எல்லாம் அந்தப் பதினோரு நிமிடத்திலேயே முடிவாகிவிட்டவை. அது எங்களுக்குத் தெரிவதற்குத்தான் அத்தனை நாள் ஆனது.

எழுபதுகளின் தொடக்கம். நான் மதுரையிலிருந்து வெளிவந்த ஒரு நாளிதழுக்குக் காரைக்குடி நிருபராக இருந்தேன். குடியிருந்தது செக்காலையில். ஆஸ்பத்திரி, வணிகக் குடும்பம் ஒன்று தர்மத்துக்கு நடத்தியது. பிரசவத்துக்கு மட்டும்தான். கட்டில் இருபது. இப்போது அந்தக் கட்டிடமே இல்லை, பெயர் வேண்டாம். என் மனைவி சிவகாமிக்கு அது முதல் பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை. கோட்டையூரில் இருந்த அவளுடைய அக்கா, என் மதினி முத்துலட்சுமி, துணைக்கு வந்திருந்தார்.

அன்று பிரசவ அறையில் இருந்தவள் தவமணி என்ற நர்ஸ். வயது இருபத்து நான்கு இருக்கும். சாக்கோட்டைப் பக்கத்துப் பெண். அவளை எனக்கு முன்பே தெரியும். அவள் பெயரைப் பத்திரிகையில் போட்டவனே நான்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதம் முன்பு, ஆனியில், அதே ஆஸ்பத்திரியின் மாடிக் கூடத்தில் இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடந்தது. பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு வரவழைப்பது எப்படி என்று நர்சுகளுக்கும் கிராமத்து மருத்துவச்சிகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். ஊர்ப்பக்கம் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். காதோரம் வெண்கலத் தட்டைத் தட்டுவோம். வெங்காயத்தை மென்று மூக்கில் ஊதுவோம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் அடிப்போம். வயதான மருத்துவச்சி ஒருத்தி எழுந்து, தொப்புள்கொடியை அறுக்காமல் நஞ்சுக்கொடியை வெந்நீரில் போட்டுச் சூடு காட்டுவோம் என்றாள்.

"சூடு கொடி வழியாப் போயி பிள்ளைக்கு உசுரு வரும் சார்."

"வந்துச்சா?"

"சிலதுக்கு வந்துச்சு."

"வராததுக்கு?"

"அதுக்கு நாம என்ன சார் பண்றது? அது தலையெழுத்து."

"தலையெழுத்துக்கு வெந்நி எதுக்கு? அடுப்பு விறகாவது மிச்சமாகும்ல?" என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு கரும்பலகையில் ஐந்து வரி எழுதினார். துடை. போர்த்து. வாயிலும் மூக்கிலும் உள்ள சளியை உறிஞ்சி எடு. தலையை லேசாக நிமிர்த்து. வாயில் வாய் வைத்து மெல்ல ஊது. இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான்காவது வரியும் அதில் இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு பொம்மை வேண்டும். இதற்கென்றே செய்த பொம்மை வெளிநாட்டில் உண்டு, இங்கே கிடைக்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி மேனேஜர் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஒரு பொம்மையை இரவல் வாங்கி வந்திருந்தார். அந்தக் காலத்தில் பினாங்கிலிருந்து வந்தது. பிறந்த குழந்தை அளவு இருக்கும். பால்புட்டி கொடுத்து விளையாடுவதற்காகச் செய்த பொம்மை. வாயில் ஒரு துளை, அதிலிருந்து உடம்புக்குள் ஒரு ரப்பர் குழாய். அந்தக் குழாயின் அடி முனையில் ஒரு பலூனைக் கட்டி, அதைச் சட்டைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார் டாக்டர். வாயில் ஊதினால் சட்டை மேலே எழும்பும். கெட்டிக்கார ஏற்பாடு. அதை நான் செய்தியிலும் பாராட்டியிருந்தேன்.

பொம்மைக்குச் சொந்தக்கார ஆச்சி காரில் கூடவே வந்து, முதல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். பொம்மையை மேசையில் வைத்ததும் எழுந்து சொன்னார்:

"ஊதுங்க, துடைங்க, என்னமும் பண்ணுங்க. கழுத்த மட்டும் யாரும் தொடாதீக. உள்ள தலையப் புடிச்சிருக்க ரப்பர் பட்டை இத்துப் போயிருக்கு. எங்க வீடு எட்டுப் பங்கு. ஒரு கரண்டி ஒடிஞ்சாலும் எட்டுப் பேருக்கு நான் பதில் சொல்லணும்."

இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. அந்த வீடுகளில் அப்படித்தான். வீடும் பொதுச் சாமானும் பங்காளிகள் எல்லோருக்கும் சேர்ந்தது. எட்டுப் பேரும் ஒப்பாமல் ஒரு கதவைக்கூட மாற்ற முடியாது. ஆச்சி தன் பொறுப்பில் பொம்மையை வெளியே கொண்டுவந்ததே பெரிய காரியம்.

டாக்டர் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஆச்சி சொன்னது காதுல விழுந்துச்சா? கழுத்தைத் தொடாம பழகுங்க."

தொடவும் தேவையிருக்கவில்லை. பால் குடிப்பதற்கு வாகாகப் பொம்மையின் தலை ஏற்கெனவே சற்று நிமிர்ந்தே இருந்தது. இரண்டு நாளும் பெண்கள் வரிசையாக வந்து துடைத்தார்கள், போர்த்தினார்கள், உறிஞ்சினார்கள், ஊதினார்கள். சட்டை எழும்பியது. யாராவது கை தவறிக் கழுத்தருகே போனால் பின்னாலிருந்து நாலு பேர் "ஏய், கழுத்து, கழுத்து" என்று கத்தினார்கள். முதல் முறையிலேயே பிசகில்லாமல் செய்தவள் தவமணி. ஆறு வரிச் செய்தியில் அவள் பெயர் வந்தது. கரும்பலகையின் நான்காவது வரி வரவில்லை, இடம் இல்லை.

இனி அந்தப் பதினோரு நிமிடம். பிரசவ அறைக்கு அரைக்கதவு. லேடி டாக்டர் எதிர்க் கட்டிடத்தில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாட்ச்மேன், டாக்டரம்மாவக் கூப்புடுங்க, ஓடுங்க!" என்று தவமணி கதவைத் தள்ளிக்கொண்டு கத்திவிட்டு உள்ளே திரும்பினாள். தள்ளிய வேகத்தில் ஒரு பக்கக் கதவு சுவரில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதனால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

குழந்தை நீலமாக இருந்தது. கை கால் துவண்டு கிடந்தது. தவமணி துடைத்தாள், போர்த்தினாள். கண்ணாடிக் குமிழ் வைத்த ரப்பர் குழாயால் சளியை உறிஞ்சினாள். வாய்மேல் மெல்லிய துணி போட்டு ஊதினாள். நான் மாடியில் பார்த்த அதே வரிசை, அதே வேகம். ஒவ்வொரு ஊதலுக்கும் குழந்தையின் வயிறு மேலே எழும்பி இறங்கியது.

"காத்து உள்ள போகுதுக்கா, உள்ள போகுது," என்றாள் பக்கத்தில் நின்ற ஆயாவிடம். நானும் அதை நம்பினேன்.

டாக்டரம்மா பத்து ஐம்பத்து இரண்டுக்கு வந்தார். அறுபதை நெருங்கியவர், ஓட முடியாது. வந்தவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு துண்டை இரண்டாக மடித்துக் குழந்தையின் தோளுக்கடியில் தள்ளினார். தலை பின்னால் சாய்ந்து தாடை மேலே வந்தது. இரண்டு முறை ஊதினார். இந்த முறை எழும்பியது நெஞ்சு. மூன்றாவது ஊதலுக்கு முன் குழந்தை தும்மியது.

"உசுரோட இருக்கு," என்றார் டாக்டரம்மா, எனக்கு முகம் கொடுக்காமல். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று பிற்பகல் அவருடைய அறையில் விவரம் சொன்னார். பிறந்ததும் மூச்சு வராவிட்டால் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மற்ற உறுப்புகள் கொஞ்ச நேரம் தாங்கும். மூளை தாங்காது. ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போனால் மூளை வீங்கத் தொடங்கும்.

"எவ்வளவு கெட்டிருக்குன்னு எப்பத் தெரியும்?"

"மூணு நாள் போகட்டும். உங்க பத்திரிகை ஆளுக மாதிரி எங்கிட்ட உடனே தலைப்புக் கேக்காதீங்க."

குழந்தையை ஒரு மரப்பெட்டியில் வைத்தார்கள். ஆஸ்பத்திரித் தச்சன் செய்தது. உள்ளே இரண்டு நாற்பது வாட் பல்பு, மேலே கண்ணாடி. சூட்டுக்கு. மூக்கருகே ஒரு புனல் வழியாக ஆக்சிஜன். பெட்டியில் தொங்கிய சீட்டில் "சிவகாமி, பெண்" என்று எழுதியிருந்தது. பெயர் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாம் நாள் காலையில் சிவகாமியைத் தாங்கிப் பிடித்துப் பெட்டியருகே கூட்டிப் போனோம். அவள் குனிந்து பார்த்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தாள்.

"என்னங்க, பால் கேக்குறா பாருங்க. சப்புக்கொட்டுறா."

உண்மைதான். குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டியது. ஒரு கால் மட்டும் சைக்கிள் மிதிப்பது போல அசைந்தது. கண் ஒரு பக்கமாகப் பார்த்து நிலைகுத்தி நின்றது. மதினி, "அப்படியே ஒன்ன மாதிரிதாண்டி, பசி பொறுக்காது" என்றார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுவதும் அந்த அசைவுகளை எண்ணினார்.

"இது பசி இல்லம்மா," என்றார்.

பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்தால் பெரியவர்களுக்கு வருவது போலக் கை கால் வெட்டி இழுக்க வேண்டும் என்பதில்லை. சப்புக்கொட்டுவதும் ஒற்றைக் காலை மிதிப்பதும்கூட வலிப்புதான். இதை அன்று தெரிந்துகொண்டேன். சிவகாமி கட்டிலுக்குத் திரும்பிச் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு குழந்தை உதட்டை அசைத்தபோதெல்லாம் அவளுக்கு மார் கட்டிக்கொண்டு வலித்தது. உடம்புக்கு டாக்டர் சொன்னது புரியவில்லை.

வலிப்பை அடக்க ஊசி போட்டார்கள். ஊசி போட்டால் குழந்தை மேலும் துவண்டது. மூன்றாம் நாள் முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தெளிவாக இருக்க வேண்டிய நீர் லேசான சிவப்பாக இருந்தது. மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். பால் உறிஞ்சத் தெரியவில்லை; விழுங்கவும் தெரியவில்லை. மூக்கு வழியாக வயிறு வரை மெல்லிய குழாய் விட்டு, சிவகாமி பீச்சிக் கொடுத்த பாலை அரை அவுன்ஸ் அரை அவுன்சாக ஊற்றினார்கள். மூன்று மணிக்கு ஒரு தடவை. அவள் அந்த வேளைகளைக் கடிகாரம் பாராமலே சொல்வாள்.

வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதில் எனக்குத் துணையாக நான்கு நாள் இருந்தவர் கருப்பையா என்ற லாரி டிரைவர். அவர் மனைவிக்கு ஆறாவது பிரசவம்.

"பத்திரிகையிலயா இருக்கீக? நம்ம நியூஸ் ஒண்ணு போடுங்கண்ணே. சாக்கோட்டைக் கருப்பையாவுக்கு ஆறாவதும் பொட்டப் பிள்ளை. ஊர் மக்கள் திரண்டு வந்து துக்கம் விசாரிச்சாக."

"படம் போடணுமா?"

"என் படம் வேணாம். எங்க மாமியா படத்தப் போடுங்க. பேப்பர் விக்காது, அது உங்க பாடு."

அவரால் பேசாமல் இருக்க முடியாது. என் குழந்தையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். குழந்தை ஓங்கி அழுதுகொண்டிருந்தது. பெஞ்சைக் கடக்கும்போது கருப்பையா அதை எனக்கு எதிர்ப்பக்கத் தோளுக்கு மாற்றி, முதுகைத் தட்டி, "சும்மா இரு, சும்மா இரு" என்று அதட்டிக்கொண்டே வேகமாகப் போனார். குழந்தை அழுததற்கு அவர் வெட்கப்பட்டது போல இருந்தது. அந்த இருபத்து மூன்று நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுவும் ஒன்று.

இன்னொன்று மதினி செய்தது. பார்க்க வரும் உறவுக்காரர்களை அவர் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். "பிள்ளை தூங்குது. இப்பத்தான் தூங்குச்சு." காலையில் வந்தாலும் மாலையில் வந்தாலும் இதே பதில். மதினிக்கும் சிவகாமிக்கும் பெரியப்பா ஒருவர், வெண்கலத் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டே வந்துவிட்டார்.

"காதுகிட்ட ஒரு தட்டுத் தட்டுனா என்ன ஆத்தா போச்சு? சிவகாமிக்கே அப்படித்தானே உசுரு வந்துச்சு."

"உசுரெல்லாம் இருக்கு பெரியப்பா. தூங்குது. தட்டக் குடுங்க, சோறு போட்டுத் தாரேன்."

நிஜமாகவே அதில் சோறு போட்டுக் கொடுத்தார். அவரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தவமணி எங்கள் வார்டுப் பக்கம் வருவதைத் தவிர்த்தாள். வேலை மாற்றிக்கொண்டாள் என்று ஆயா சொன்னாள். ஒன்பதாம் நாள் காலையில் வராந்தாவில் என் எதிரே வந்து நின்றாள்.

"சார், நீங்கதான் அன்னைக்குக் கதவுக்கிட்ட நின்னீக. எல்லாம் பாத்தீக. ஒண்ணு கேட்டாச் சொல்வீகளா?"

"கேளுங்க."

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அப்போது அது உண்மை. ஆனால் கேள்வி விடவில்லை. அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பயிற்சியன்று எழுதிய குறிப்பேட்டை எடுத்தேன். நிருபருக்கு ஒரு பழக்கம் உண்டு; செய்திக்கு ஆகாததையும் எழுதி வைப்பான். கரும்பலகையின் ஐந்து வரிகளுக்குக் கீழே, "பொம்மை, பினாங்கு. கழுத்தைத் தொடக் கூடாது, ஆச்சி. சிரிப்பு." என்று எழுதியிருந்தேன். அடுத்து, "பலூன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே" என்று ஒரு வரி. டாக்டரம்மா மடித்து வைத்த துண்டு அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

குறிப்பேட்டோடு டாக்டரம்மாவிடம் போனேன். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பொம்மையை நான் பாக்கலையே," என்றார். பிறகு விளக்கினார். பிறந்த குழந்தைக்குப் பின்மண்டை பெரிது. மல்லாக்கப் படுக்க வைத்தால் தலை முன்னால் மடிந்து தாடை நெஞ்சில் இடிக்கும். மூச்சுக்குழாய் அடைபடும், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மடங்கினால் அடைபடுவது போல. அப்போது ஊதுகிற காற்று பக்கத்து வழியில் வயிற்றுக்குப் போகும். வயிறு எழும்பும்; பொம்மையில் எழும்புவது நெஞ்சா வயிறா என்று தெரியாது. தோளுக்கடியில் இரண்டு விரல் கனத்துக்குத் துணி வைத்தால் தலை நிமிர்ந்து வழி திறந்துவிடும்.

"முப்பது வருஷமா என் கை தானாச் செய்யுது. இதைத் தனியாச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

"போர்டுல எழுதியிருந்துச்சு டாக்டர்."

"எழுதியிருக்கும். கைக்குப் படிக்கத் தெரியாதே."

தவமணியிடம் மறுநாள் குறிப்பேட்டைக் காட்டினேன். சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுத வேண்டும். அவள் இனியும் ஊதப் போகிறவள், அதனால் காட்டினேன். நின்றபடியே படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். தன் குற்றம் மட்டுமல்ல என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வேறு மாதிரி ஆனது.

"அப்ப ஆடியில ஒரு பிள்ளை சார். கல்லல் பக்கத்துப் பொண்ணுக்கு. அதுக்கும் இப்படித்தான் ஊதுனேன். வயிறு நல்லா எழும்புச்சு. இருபது நிமிஷம் ஊதுனேன். அது வரல." குறிப்பேட்டை மூடி என்னிடம் நீட்டினாள். "அது தலையெழுத்துன்னு அவுககிட்டச் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் எங்கள் வார்டுக்குத் தினமும் வந்தாள். வேலை இல்லாத நேரத்திலும் பெட்டியருகே நின்று, குழந்தையின் தோளுக்கடியில் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டே இருப்பாள். சிவகாமிக்கு ஒன்றும் தெரியாது. "தங்கமான பொண்ணுங்க," என்றாள் என்னிடம். "கை படுறதே தெரியாம பட்டு மாதிரி தொடுறா."

வலிப்பு பன்னிரண்டாம் நாளோடு குறைந்தது. அது நல்லதா என்று கேட்டேன். "வலிப்பு வர்றதுக்கும் மூளையில கொஞ்சம் தெம்பு வேணும்," என்றார் டாக்டரம்மா. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அதற்காக அவர்மேல் எனக்கு அவ்வப்போது கோபம் வந்தது. குழந்தை எந்த வெளிச்சத்துக்கும் கண்ணைத் திருப்பவில்லை. பிழைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். உட்காராது, பேசாது, ஆளைத் தெரியாது. அதுவும் எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது என்றார். வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பிழைக்க வேண்டும் என்று நினைப்பதா வேண்டாம் என்று நினைப்பதா எனத் தெரியாமல் மனிதன் உட்கார்ந்திருக்கிற இடங்கள் உண்டு. எனக்கு அது அந்தப் பெஞ்சு.

பத்தொன்பதாம் நாள் குழாயில் ஊற்றிய பால் மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் போனது. மூச்சில் கரகரப்பு வந்தது. காய்ச்சல் ஏறியது. பென்சிலின் போட்டார்கள். மதுரைக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டேன். வழியிலேயே போய்விடும், இங்கேயே அம்மா பக்கத்தில் இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. பெட்டியிலிருந்து எடுத்துச் சிவகாமியின் மடியில் கொடுத்துவிட்டார்கள். நான்கு நாள் மடியில் இருந்தது. இருபத்து மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று பத்துக்கு மூச்சு நின்றது. அப்போது அறையில் தவமணியும் இருந்தாள். அவள் கை தன்னிச்சையாகக் குழந்தையின் கழுத்துக்குப் போனது. டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

சிவகாமி அழவில்லை. "ஒரு தடவகூட அழுவலையேங்க இவ," என்று மட்டும் சொன்னாள். "எப்படி அழுவான்னு தெரியாமலே போச்சு."

சீட்டில் இருந்த "சிவகாமி, பெண்" என்பதுதான் கடைசி வரை அவள் பெயர்.

ஒரு மாதம் கழித்துப் பொம்மை விவரத்தைச் சிவகாமியிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"சொன்னேன்."

"சொல்லியிருக்க வேணாம்." கொஞ்சம் பொறுத்து, "சொல்லாம எப்படி," என்றாள்.

தையில் கானாடுகாத்தானுக்குப் போனேன். ஆச்சி என்னை உட்கார வைத்து, குழந்தைக்காகக் கண் கலங்கினார். அது நடிப்பில்லை. பொம்மையின் கழுத்தை அறுத்து உள்ளே துணிப்பட்டை வைத்து மடங்கும்படி செய்ய அனுமதி கேட்டேன்.

"எனக்கென்ன, நான் இப்பவே தாரேன். ஆனா எட்டுப் பேரு ஒப்பணுமே. ரெண்டு பேரு மலேயாவுல இருக்காக. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் பேச்சே இல்ல. ஒரு பொம்மைக்கு நான் யாருக்கு எழுத? எழுதுனா, நீ யாரக் கேட்டு வெளிய குடுத்தேன்னுதான் மொதல்ல கேப்பாக." பிறகு, "வேணாம்னா பொம்மையத் திருப்பிக் குடுத்துரச் சொல்லுங்க. நான் வற்புறுத்தலையே," என்றார்.

நியாயமான பேச்சு. பயிற்சி டாக்டருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டாவதற்குப் பதில் வந்தது. மரியாதையான பதில். தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். தலையை நிமிர்த்த வேண்டும் என்பது பாடத்தில் தெளிவாக உள்ளது. நெஞ்சு உயர்வதைக் காட்டும் பொம்மை இந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான். ஒரு குறைக்காக அதைக் கைவிட முடியாது என்று எழுதியிருந்தார். தவமணி பழைய சேலையில் பஞ்சடைத்து, கழுத்து துவளும்படி ஒரு பொம்மை தைத்திருந்தாள். அதில் ஊதினால் எதுவும் எழும்பவில்லை. மேனேஜர் அதை மாடிக்கு எடுத்துப் போக விடவில்லை.

அடுத்த ஆனியில் மறுபடி பயிற்சி. இருபத்து நான்கு பெண்கள். நிருபராகத்தான் போனேன். கரும்பலகையில் அதே ஐந்து வரி. நான்காவது வரிக்கு அடியில் டாக்டர் இந்த முறை இரண்டு கோடு போட்டிருந்தார். பொம்மை மேசையில் இருந்தது. செய்து காட்டத் தவமணியைக் கூப்பிட்டார்கள்.

அவள் துடைத்தாள், போர்த்தினாள், உறிஞ்சினாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடித்துப் பொம்மையின் தோளுக்கடியில் வைத்தாள். பொம்மை மரக்கட்டை போல மொத்தமாகச் சாய்ந்து எழுந்தது. பெண்கள் சிரித்தார்கள்.

"இதுக்கு எதுக்கும்மா தலகாணி? அதான் கழுத்து நிமிந்தே இருக்குல்ல?" என்றார் டாக்டர்.

"பிள்ளைக்கு நிமிந்திருக்காது சார்."

"அதைத்தான் போர்டுல ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கேன். இப்ப ஊதறதைக் காட்டு. ஒரு நிமிஷம் போச்சு பாரு, பிள்ளை தாங்குமா?"

அவரே துண்டை உருவி மேசையில் போட்டார். தவமணி மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தாள். பிறகு ஊதினாள். சட்டை அழகாக எழும்பியது. பெண்கள் கை தட்டினார்கள். அதன் பின் வரிசையாக வந்து எல்லோரும் ஊதினார்கள். யாரும் துண்டைத் தொடவில்லை. எல்லோருக்கும் சட்டை எழும்பியது. "ஏய், கழுத்து, கழுத்து" என்ற சத்தம் இந்த முறையும் கேட்டது.

மாலையில் வகுப்பு முடிந்து நான் குறிப்பேட்டை மூடும்போது கூடத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். தவமணி; அவளிடம் ஏதோ கேட்க வந்த இளவயது மருத்துவச்சி ஒருத்தி.

"அந்தத் துண்டு எதுக்குக்கா வச்சீக?"

காட்டுவதற்கு அங்கே குழந்தை இல்லை. பொம்மையை ஆச்சியின் கார் டிரைவர் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுபோய்விட்டார். தவமணி அவள் கையை எடுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டாள். தாடை நெஞ்சில் படும்படி தலையைக் குனிந்து, அப்படியே மூச்சை இழுத்துக் காட்டினாள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"தெரியுதா? நல்லாத் தொட்டுப் பாரு. தொடலாம்."

அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள். மற்ற இருபத்து மூன்று பேரும் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.